நம் வீட்டில் இறந்துபோன பெண்

மகளே,

நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். உன் கூட்டாளிப் பெண்கள் சிரிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி இங்கே கேட்கிறது. கூப்பிட்டால் வந்துவிடுவாய். ஆனாலும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். நீயும் "விடுங்க உம்மா, கல்யாண வீட்டுல இதெல்லாம் எதுக்கு" என்று பேச்சை மாற்றிவிடுவாய். எழுத்தை அப்படி நிறுத்த முடியாது. இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. உன் மாப்பிள்ளையும் படிக்கட்டும். தெருவில் யார் கேட்டாலும் கொடு.

நம்மூர் வழக்கப்படி நிக்காஹ் முடிந்ததும் இந்த வீடு உன்னுடையது. என் உம்மா எனக்குக் கொடுத்தார்கள், நான் உனக்குக் கொடுக்கிறேன். நம்மிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். ஆனால் இந்த வழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் நான் இப்போது எழுதப்போகிற விஷயம் நடந்தே இருக்காது. வீட்டை ஒப்படைக்கிறவள், எந்த ஓட்டில் ஒழுகும், கோடையில் கிணறு எவ்வளவு இறங்கும் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பாள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொல்லைப்பக்கத்துச் சின்ன அறையில் ஒரு பெண் இறந்துபோனாள் என்று நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். உன் வாப்பா இருந்தவரைக்கும் அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. எழுந்து வெளியே போய்விடுவார். அவரும் மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. இனி சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

இப்போது சொல்லத் தோன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரத்தில் வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. கடலுக்கு அந்தக் கரையில், இலங்கையில் நடக்கிற சண்டைக்குப் பயந்து தோணியில் தப்பி வந்தவர்கள். "அக்கா, பிள்ளைக்குப் போட ஏதும் பழைய உடுப்பு இருக்கோ?" என்று அந்தப் பெண் கேட்டாள். நீ ஜாக்கெட் துணிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்காமலே "வேலையா இருக்கோம், அடுத்த வீட்டுல கேளுங்க" என்றாய். நான் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். நீ விரட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருவர் மேல் கோபப்படுவதற்குக்கூட அவரைப் பார்க்க வேண்டும். நீ பார்க்கவே இல்லை. உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன் வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன். ஐந்து வேளையும் தொழுவேன், நோன்பை விடமாட்டேன், பக்கீர்சாக்கள் வந்தால் அரிசி போடுவேன். நல்ல பெண் என்று தெருவில் பெயர். நாட்டில் யார் எப்படிப் போனாலும் என் அடுப்படி வரைக்கும் அது வந்து சேராது.

நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய். ஆட்சி மாறிப் புதிதாக வந்தவர்கள் ஏழைகளுக்கான ஆட்சி என்று மைக் வைத்துப் பேசிக்கொண்டிருந்த சமயம். சுவருக்குச் சுவர் கறுப்பும் சிவப்பும். உன் வாப்பாவுக்குப் பட்டுக்கோட்டையில் நெல் மண்டி. உள்நாட்டுப் பக்கம் பெரிய பண்ணை வைத்திருந்த ஒருவரிடம்தான் முக்கால்வாசி நெல் வாங்குவார். அந்தப் பண்ணையில் தை அறுப்பு நெருங்கும்போது வயல் ஆட்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். தெருவில் செங்கொடி கட்டினார்கள். பண்ணையார் கூட்டித்தர மாட்டேன் என்று வெளியூரிலிருந்து அறுப்புக்கு ஆள் இறக்கினார். இவர்கள் வரப்பில் போய் மறித்து நின்றார்கள். உன் வாப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதே பேச்சுதான். "ரெண்டு பக்கமும் வீம்பு புடிச்சு நிக்கிறாங்க. இந்த அறுப்பு கெட்டுச்சுன்னா மண்டி காஞ்சு போயிடும்" என்பார். நான் குழம்பு ஊற்றுவேன். மண்டிக்காகக் கவலைப்பட்டிருக்கிறேன், துஆகூடக் கேட்டிருக்கிறேன். வரப்பில் நிற்கிற ஆட்களுக்கும் அடுப்பு உண்டு, தொட்டில் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒருநாள் காலை, நம் கொல்லைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒரு முனகல் கேட்டது. அந்தச் சந்து உனக்குத் தெரியும். நம் தெருப் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வருகிற வழி. ஆண்கள் அதில் நடக்க மாட்டார்கள். நான் கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். மைமூன் மாமி வீட்டுச் சுவரோரம், குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். மைமூன் மாமி தன் வீட்டுக் கதவிடுக்கில் நின்றுகொண்டு எனக்குக் கையை ஆட்டினார். "உள்ள போ புள்ளே, கதவைச் சாத்து. வயக்காட்டுப் பக்கம் அடிதடியாம். அங்கேருந்து ஓடியாந்தவ போல இருக்கு. போலீசு கேசு, நமக்கெதுக்கு?" என்றார். தெருவில் மவுத்தான பெண்களையெல்லாம் குளிப்பாட்டுகிறவர் அவர். மனசு கெட்டவர் இல்லை. அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து மீன் கழுவினேன். நீ அழுதாய், பால் கொடுத்தேன். முனகல் நின்றது, திரும்பக் கேட்டது. எதிர்ச்சாரிப் பெண்கள் இரண்டு பேர் அந்தச் சந்து வழியாகவே பேசிக்கொண்டு போனார்கள். அந்த இடம் வந்ததும் பேச்சு நின்றது, தாண்டியதும் தொடர்ந்தது. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுகையில் நின்றேன். அந்த முனகல் இல்லாமல் இருந்தால்தான் தொழ முடியும் போல இருந்தது. இரக்கப்பட்டு எழுந்து போனேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எரிச்சலோடுதான் போனேன். அவளை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுக்கச் சொல்லலாம் என்பதுதான் என் நினைப்பு. ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன், வெறுங்கையோடு போய் அப்படிச் சொல்லக் கூச்சமாக இருந்ததால்.

கிட்டே போனதும் அவள் கண்ணைத் திறந்தாள். என் வயதுதான் இருக்கும். முழங்கால்வரை சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. வாய்க்கால் கரையோடு மறைந்து மறைந்து வந்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் கேட்டாள். தண்ணீர் கேட்கவில்லை, சோறு கேட்கவில்லை.

"அம்மா, இந்தப் பக்கம் ஆம்பளைங்க வருவாங்களா?"

அப்போதுதான் பார்த்தேன், இடுப்புக்குக் கீழே அவள் புடவை முழுக்க ரத்தம். கிழிந்தும் இருந்தது. இரண்டு கையாலும் அதை இழுத்து இழுத்துக் காலை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் சுருண்டு கிடந்தது வலியினால் மட்டும் இல்லை.

"வர மாட்டாங்க. இது பொம்பளைங்க சந்து" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். கை தளர்ந்தது. மகளே, பருவம் வந்த நாளிலிருந்து அன்னிய ஆண் கண்ணில் படாமல் வளர்க்கப்பட்டவள் நான். அவளோ ஆணும் பெண்ணுமாகச் சேற்றில் இறங்கி வேலை செய்கிறவள். எங்களுக்குள் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றுகூட இருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உயிர் போகிற நேரத்தில் அவள் கவலைப்பட்டது நான் கவலைப்படுகிற அதே விஷயத்துக்காக. உள்ளே ஓடிப்போய் என் வெள்ளைத் துப்பட்டியை எடுத்துவந்து அவள் மேல் போர்த்தினேன். தலையிலிருந்து கால்வரை. அதற்குப் பிறகுதான் தண்ணீர் கொடுத்தேன். அவளைத் தாங்கி எழுப்பி, கொல்லை அறைக்குக் கூட்டிவந்து பாயில் படுக்கவைத்தேன்.

பெயர் காத்தாயி என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். வரப்பில் மறித்த மறுநாளே அவர்கள் தெருவுக்குள் அடியாட்கள் புகுந்திருக்கிறார்கள். வீடுகளைச் சாய்த்து, பானை சட்டியை உடைத்து, கையில் கிடைத்தவர்களை அடித்திருக்கிறார்கள். பிறகு போலீஸ் வந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு அவள் புருஷனையும் மற்ற ஆண்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. அடியாட்கள் புகுந்தபோதே காத்தாயிக்கு வயிற்றிலும் இடுப்பிலும் தடியடி. அவள் மாசமாக இருந்திருக்கிறாள். வழியில் ஒரு கருவேலமரத்தடியில் அது போய்விட்டது. "அங்கயே மண்ண கையால பறிச்சு மூடிட்டு வந்தேம்மா" என்றாள். நம்மூர் உப்பளத்தில் அவள் அண்ணன் வேலை செய்கிறான், அவனிடம் போகத்தான் வந்தாளாம். தெருக் குழப்பத்தில் வழி தப்பி நம் சந்துக்குள் வந்துவிட்டாள்.

சாயங்காலம் அஸர் நேரத்தில் உன் வாப்பா வந்தார். கொல்லையில் ரத்தத்துணி ஊறுவதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"எந்தப் பண்ணை?" என்றார். அதையும் சொன்னேன்.

"உனக்கு என்ன பைத்தியமா? நான் நெல்லு வாங்குற பண்ணை அது. அவங்க ஆளுங்க ஊர் ஊரா தேடிக்கிட்டு இருக்காங்க. இவ இங்க இருக்கிறது தெரிஞ்சா நாளைக்கு என் மண்டிக்கு ஒரு மூட்டை வராது."

"அவ பொழைக்க மாட்டா போல இருக்கு மச்சான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"அதுக்கு நாம யாரு? அவ அண்ணன்கிட்ட அனுப்பிடு. வண்டி புடிச்சுத் தர்றேன்."

"அந்த உப்பளத்துக் குடிசையில என்ன வைத்தியம் பார்ப்பாங்க?"

"அது அவங்க பாடு."

உன் வாப்பா கடுமையான மனுஷர் இல்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததெல்லாம் உனக்கே ஞாபகம் இருக்கும். பயம்தான். தொழில் போய்விடும் என்ற பயம். வீட்டில் குழந்தை இருக்கிறதே என்ற பயம். ஆனால் அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்டதும், காலையிலிருந்து என் மனசுக்குள் ஓடிய அதே பேச்சை இன்னொருவர் வாயால் கேட்கிறேன் என்று புரிந்தது. கேட்கச் சகிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள், அன்று சொன்னேன். "இது எங்க உம்மா எனக்குக் கொடுத்த வீடு மச்சான். அவ இங்கதான் இருப்பா."

அவர் கை கால் கழுவி உளூச் செய்துகொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்து வெளிச்சம் வந்ததும் வாசலில் கூண்டு வண்டி நின்றது. "அவளையும் ஏத்து, நீயும் ஏறு" என்றார். அவ்வளவுதான். உன்னை மைமூன் மாமியிடம் கொடுக்கப் போனேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் உன்னை வாங்கிக்கொண்டார். காத்தாயிக்கு என்னுடைய மாற்றுத் துப்பட்டியைப் போர்த்தி, முகத்தையும் மூடி என்மேல் சாய்த்துக்கொண்டேன். உடம்பு கொதித்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்தாள். சத்தம் போடவில்லை.

பட்டுக்கோட்டை போகிற வழியில் வாய்க்கால் பாலத்தருகே சில ஆட்கள் நின்றார்கள். கையில் கம்பு. அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துதானே ஆகவேண்டும், அங்கே போய்ச் சொன்னால் கேஸாகிவிடுமே என்று காத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த உன் வாப்பாவை அவர்களில் ஒருவனுக்கு அடையாளம் தெரிந்தது.

"அட, நம்ம மண்டிக்காரரு. வாங்க பாய். காலங்காத்தால எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"உள்ள யாரு?"

வண்டிக்குள் காத்தாயியின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. உன் வாப்பா உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் எதையெதை நினைத்தாரோ. அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கழுத்து வியர்த்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மண்டி பிழைத்திருக்கும்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க. ஒருத்திக்குப் பிரசவச் சிக்கல்" என்றார்.

அவன் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான். வெள்ளைத் துப்பட்டிகள் இரண்டு. அதை விலக்கிப் பார்க்கிற துணிச்சல் அந்த ஆட்களுக்கும் இல்லை. "போங்க, போங்க" என்று மாட்டைத் தட்டிவிட்டான். பாலம் தாண்டியதும் உன் வாப்பாவின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். வண்டிக்காரருக்குத் தெரியாமல் அழுதார்.

ஆஸ்பத்திரியில் முடிந்ததைச் செய்தார்கள். டாக்டரம்மா ஊசி போட்டு, காயத்தைச் சுத்தம் செய்து, வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்கள்: "ரத்தம் நெறைய போயிடுச்சு. விஷமும் ஏறியிருக்கு. நேத்தே கொண்டு வந்திருந்தா ஏதாவது பார்த்திருக்கலாம். தஞ்சாவூர் கொண்டு போறீங்களா? வழியிலயே ஏதாவது ஆனா நான் பொறுப்பில்ல." நேற்று அவள் நம் சந்தில் கிடந்தாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உன் வாப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம், அந்த வார்த்தையை மட்டும் ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொண்டதே இல்லை.

தஞ்சாவூருக்குப் போகலாம் என்று உன் வாப்பா வண்டிக்கு அலைந்தார். காத்தாயிதான் வேண்டாம் என்றாள். "எங்கயாச்சும் படுக்க வச்சாப் போதும் மொதலாளி, இன்னும் குலுக்காதீங்க." நம் வீட்டுக்கே கூட்டிவந்தோம். அவளைப் படுக்கவைத்ததும் உன் வாப்பா சாப்பிடக்கூட இல்லாமல் உப்பளத்துக்கு நடந்தார், அவள் அண்ணனைத் தேடி. அவர் கால் அந்தப் பக்கம் பட்டது அதுதான் முதல் தடவை.

அவள் பிறகும் சில நாள் இருந்தாள். கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்தேன். அவள் யாரையும் திட்டவில்லை, சாமியைக் கூப்பிடவும் இல்லை. காய்ச்சலில் பிதற்றியதெல்லாம் வயலைப் பற்றித்தான். "வடக்கு வயல்ல கதிரு சாஞ்சு கெடக்கும்மா. ஒரு மழை பேஞ்சா முளைச்சிரும். யாராச்சும் அறுக்கச் சொல்லுங்க." யாருடைய நெல்லுக்காக அவளை அடித்தார்களோ, அந்த நெல் வீணாகிவிடக் கூடாதே என்று அவளுக்குக் கவலை. அவள் அண்ணன் வந்து சேர்ந்தார். கால் முழுக்க உப்புப் புண். வாசற்படி தாண்டி உள்ளே வரத் தயங்கி நின்றார். நான்தான் வரச்சொன்னேன். அவர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மத்தியானம், நீ தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய், அவள் போய்விட்டாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ரத்தமும் சீழுமாக அவளை அப்படியே தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனேன். கொல்லைக் கதவு திறந்தது. மைமூன் மாமி. கையில் சோப்பும் கற்பூரமும் பழைய வேட்டியும். கதவைச் சாத்து என்று சொன்னவர் அவர்தான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நம் பெண்களைக் குளிப்பாட்டுகிற மாதிரியே, உடம்பின் மேல் துணியை மூடி, துணிக்கு அடியில் கையை விட்டுக் குளிப்பாட்டினோம். வயிற்றில் தடியடி விழுந்த இடங்கள் கறுத்துக் கிடந்தன. அந்த இடம் வந்ததும் மாமி கையை எடுத்துவிட்டார். பிறகு இன்னும் மெதுவாகக் கழுவினார். "உசிரோட இருந்தப்ப ஒரு வாய் தண்ணி குடுக்கலையே நான்" என்றார். எனக்கு அவரைத் தேற்றத் தெரியவில்லை. தேற்றவும் இல்லை.

அவள் ஊருக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே போலீஸ் உட்கார்ந்திருந்தது. உப்பளத்து ஜனங்கள் அவர்கள் அடக்கம் செய்கிற இடத்துக்கு எடுத்துப் போனார்கள். உன் வாப்பா தொப்பியைக் கழற்றாமல் அவர்களோடு பாடைக்குப் பின்னால் கடைத்தெரு வழியாக நடந்தார். எல்லோரும் பார்த்தார்கள். விஷயம் பண்ணைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் நெல் தர மறுப்பதற்கு முன்னால் இவரே அங்கே ஆள் அனுப்பி, இனி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மண்டி நிற்கவில்லை. பிறகு அவர் இன்னொருவர் மண்டியில் கணக்கெழுதித்தான் உன்னை வளர்த்தார். ஊர்க்காரர்கள் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். வீண் வம்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என்று எனக்கும் பெயர் வந்தது.

ஈமானைப் பற்றி உனக்கு என்ன சொல்ல? காத்தாயி போனபிறகு பல நாள் என்னால் தொழ முடியவில்லை. விரிப்பில் நிற்பேன், ஓதுவது வாயில் வராது. யா அல்லாஹ், அந்தக் கருவேலமரத்தடியில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன். பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஆனால் கேட்கக் கேட்க இன்னொரு கேள்வியும் கூடவே வந்தது. அவள் சந்தில் கிடந்தபோது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் இருந்தது என் கதவு ஒன்றுதான். அதை நான் சாத்தி வைத்திருந்தேன். அது புரிந்தபிறகுதான் மறுபடியும் தொழ ஆரம்பித்தேன். முன்னைப்போல் நிம்மதிக்காகத் தொழுவதில்லை. சந்தில் ஏதாவது சத்தம் கேட்டால் தொழுகை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்கு வருவேன். இரக்கம் மனசில் ஊறிய பிறகு போகலாம் என்று காத்திருக்காதே, மகளே. எனக்கு அது முதலில் ஊறவில்லை. எரிச்சலோடு தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு போனபிறகுதான் வந்தது.

அடுத்த வருஷம் ஒரு பகல்பொழுதில் காத்தாயியின் புருஷன் வந்தார். சிங்காரம் என்று பெயர். ஜெயிலிலிருந்து விட்டதும், உப்பளத்து மச்சானிடம் வழி கேட்டு நேராக நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஆள் எலும்பும் தோலுமாக இருந்தார். உள்ளே வரமாட்டேன் என்று முற்றத்தோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் கதவுக்கு உள்பக்கம் நின்றேன். "அவ கடைசியா என்ன பேசுனாங்கம்மா?" என்று கேட்டார்.

உங்களைத்தான் கேட்டாள் என்று சொல்லியிருக்கலாம். நாக்குவரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. வடக்கு வயலில் கதிர் சாய்ந்ததைச் சொன்னேன். அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது அவ நட்ட வயலுங்க. நான் நாத்து பறிச்சுக் குடுத்தேன்" என்றார்.

சோறு ஆக்கியிருந்தேன். "எனக்கு ஒரு எலையில தனியாப் போட்டுடுங்கம்மா" என்றார். உன் வாப்பா பெரிய சஹன் தட்டை எடுத்துவந்து முற்றத்தில் வைத்து, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "எங்க வீட்டுல ஆம்பளைங்க தனியா சாப்புடுற வழக்கம் இல்ல. கையைக் கழுவிட்டு வாங்க" என்றார். வயல்வேலை செய்கிற ஒருவரை உன் வாப்பா 'ங்க' போட்டுப் பேசி நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். சிங்காரம் வெகுநேரம் சோற்றைத் தொடவில்லை. தன் கை பட்ட தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துச் சாப்பிடுவார் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. உன் வாப்பா ஒரு பக்கம் பிசைந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அவரும் கையை வைத்தார்.

பாதியில் அவர் ஒரு பருக்கையை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது எந்த ஊரு நெல்லுங்க மொதலாளி?"

உன் வாப்பாவின் கை நின்றது. "உங்க பண்ணை நெல்லு இல்லைங்க. அங்க வாங்குறத விட்டுட்டேன்" என்றார்.

"தெரியுதுங்க, இது வேற நெல்லு. அவ நட்டது எந்த வீட்டுக்குப் போச்சோ, யாரு சாப்புட்டாங்களோன்னு ஒரு நெனைப்பு, அவ்வளவுதான்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். உன் வாப்பாவால் அதற்குப் பிறகு ஒரு வாய்கூட எடுக்க முடியவில்லை. ஆனால் சிங்காரம் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

காத்தாயி போன அந்த வருஷமே வடக்கு வயலை வெளியூர் ஆட்களை வைத்து அறுத்துவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. நெல் ஏதோ ஒரு மண்டிக்குப் போயிருக்கும், அங்கிருந்து பல ஊர்க் கடைகளுக்கு. எங்கள் மண்டி மூடியபிறகு நாங்களும் கடையில்தான் அரிசி வாங்கினோம். யார் சாப்பிட்டார்கள் என்று சிங்காரத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன், மகளே? நாமாகவும் இருக்கலாம்.

உன் உம்மா